சுருக்கிப் பேசினால் குறைச்சலா?



மஹய்யாவவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் ஒன்பதாம் தரம் படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் ‘ஐ டோன்ட் நோ’ என்று அவள் எழுதியதைச் சிவப்பு மையால் வெட்டி, ‘ஐ டூ நொட் நோ’ என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தொலைக்காட்சியில் எல்லோரும் ‘டோன்ட்’ என்றுதானே பேசுகிறார்கள் என்று பிள்ளைக்குக் குழப்பம். தெரிந்த ஒருவரிடம் விசாரித்தால், சுருக்கிப் பேசுவது தெருப்பேச்சு, படித்தவர்கள் முழுசாகத்தான் சொல்வார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பிள்ளை ஆங்கிலம் பேச வாயே திறப்பதில்லை என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தத் தாய்.

கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டுமே நல்ல ஆங்கிலம். பரீட்சைக் கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் முழு வடிவத்தை எழுத வேண்டும். பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் வட்ஸ்அப்பிலும் சுருங்கிய வடிவம்தான் இயல்பு. ஆகவே திருத்திய ஆசிரியர் மேலும் தப்பில்லை, எழுதிய பிள்ளை மேலும் தப்பில்லை. ஆனால் கடிதத்தின் கடைசி வரிக்கு இப்படி நாலு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு மொழியில் வாயை மூடிக்கொண்டால் பிறகு திறப்பதற்குப் பல வருடம் ஆகும். இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே தருகிறேன்.

மஹய்யாவ கண்டி நகரின் வடக்கு விளிம்பு. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியும் மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. மாநகர சபையின் சுகாதாரத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். ஊர் கண் விழிப்பதற்குள் வீதியைக் கூட்டி முடிப்பவர்கள். இவர்களுக்கும், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கும் ஆங்கிலம் எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். அது காகிதத்தில் வந்தது. நோட்டீசாக வந்தது, துண்டுச் சீட்டாக வந்தது, நீதிமன்ற அழைப்பாணையாக வந்தது. தோட்டத் துரையின் வீட்டு விருந்தறையில் ‘டோன்ட்’டும் ‘வோன்ட்’டும் தாராளமாகப் புழங்கியிருக்கும், லயத்துக்கு வந்தது முத்திரை குத்திய முழுநீள ஆங்கிலம் மட்டும்தான்.

அந்தக் காகித ஆங்கிலம் சாதாரணமான சுமை அல்ல. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிரஜாவுரிமை வேண்டுமானால் 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முற்பட்ட காலத்தில், மணமானவர் என்றால் 7 ஆண்டுகள், மணமாகாதவர் என்றால் 10 ஆண்டுகள், இடையறாமல் இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். சட்டத்தில் இருந்த சொல் ‘அன்இன்டரப்டட்’. தகப்பனாரின் காரியத்துக்கு ஊருக்குப் போய்வந்த ஒரு மனிதர் தன் வாழ்க்கையை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிக் காட்ட வேண்டியிருந்தது. இலட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள்; மிகப் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் கச்சேரி அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெட்டிசம் எழுதுபவர் நம் மக்களுக்குத் தெய்வமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கி ‘யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்’ என்று அவர் முடித்துக் கொடுத்தால் மனசுக்கு ஒரு தெம்பு. சொல் நீண்டால் மரியாதை, சொல் கனத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள் நுழைந்தது இப்படித்தான். சுருக்கிப் பேசுவது தெருப்பேச்சு என்று அந்தத் தாயிடம் சொன்னவரும் தன் தாத்தா காலத்துப் பயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் பேச்சு ஆங்கிலத்தில் முழு வடிவம் நாம் நினைக்கிற வேலையைச் செய்வதில்லை. ஒருவர் தேநீர் தருகிறார். ‘நோ தேங்ஸ், ஐ டோன்ட் டிரிங்க் டீ’ என்றால் அது சாதாரணமான, சிநேகமான மறுப்பு. அதையே ‘ஐ டூ நொட் டிரிங்க் டீ’ என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால், கேட்பவர் காதில் அது கண்டிப்பாக விழும்; ஏதோ கோபமோ என்று நினைப்பார். ஆங்கிலக்காரத் தாய் பிள்ளையை அதட்டும்போதுதான் ‘யூ வில் நொட் கோ’ என்று விரித்துச் சொல்வாள். பணிவு என்று நினைத்து நம் பிள்ளைகள் முழுசாகப் பேசுகிறார்கள், எதிரே இருப்பவருக்கு அது விறைப்பாகக் கேட்கிறது. கண்டியில் ஹோட்டல்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. தலதா மாளிகைப் பக்கம் ஆட்டோ ஓட்டும் தம்பிமார் பலர் வகுப்புக்குப் போகாமலே ‘டோன்ட் வொரி’, ‘யூல் லைக் இட்’ என்று அழகாகச் சொல்லி வெளிநாட்டவரைச் சிரிக்க வைக்கிறார்கள். அவர்கள் காதால் கற்றவர்கள்.

பிள்ளைகளின் வாயை அடைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகம் மஹய்யாவவிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம். ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைக்கிற வழக்கம் அங்குள்ள மாணவர் மத்தியில் வேரூன்றியது. அங்கே ஆங்கிலத் துறையில் பணியாற்றிய மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, இலங்கையில் ஆங்கிலம் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக வேலை செய்கிறது என்று விரிவாக எழுதினார். வாளை வைத்திருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் ஒதுங்கி நிற்பான். ‘நொட் பொட்’ என்ற கேலியும் இந்த நாட்டில் உண்டு. ஆங்கிலத்தின் இரண்டு வகை ஒகரங்களை மாற்றி உச்சரிப்பவரை மட்டந்தட்ட, வசதியானவர்கள் உண்டாக்கிய கேலி அது. ஒரு உயிரெழுத்தை வைத்து மனிதனை அளப்பது கொடுமை. ஒருபுறம் இந்தக் கேலி, மறுபுறம் சுருக்கினால் குறைச்சல் என்ற எச்சரிக்கை. நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை பேசாமல் இருப்பதே மேல் என்று முடிவெடுப்பதில் என்ன ஆச்சரியம்?

இத்தனைக்கும் சுருக்கிப் பேசுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுகிறோம். மஹய்யாவவில் ஒரு அம்மா கைபேசியில் சொல்வது ‘வந்துக்கிட்டிருக்கேன்’. யாழ்ப்பாணத்து ஆசிரியை வீட்டில் சொல்வது ‘வந்துகொண்டிருக்கிறன்’. கண்டிக் கடைவீதியில் முஸ்லிம் சகோதரர் ‘வாப்பா வந்தீக்கிறாங்க’ என்கிறார். ‘இருக்கிறார்கள்’ என்ற சொல்லின் முன்பாதியும் பின்பாதியும் அதில் எப்படி உருகிவிட்டன என்று கவனியுங்கள். யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சிங்களமும் இப்படித்தான். புத்தகச் சிங்களத்தில் நான், நீ, அவன் என்று ஆளுக்கேற்ப வினை மாறும். வீதியில் எல்லோருக்கும் ஒரே ‘யனவா’தான். நம் பிள்ளைகள் அதை அயல்வீட்டுப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடியே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மொழியில் இந்த வித்தையை அறிந்த வாய்க்கு மூன்றாவது மொழி எட்டாதா?

நம் இலக்கணமும் சுருக்கத்தைப் பழித்ததில்லை. என் தந்தை ‘எந்தை’ ஆனதையும் நும் தந்தை ‘நுந்தை’ ஆனதையும் மரூஉ என்று பெயரிட்டு, நன்னூல் அதை இயல்பு வழக்கிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. சொல்லின் கடைசியில் உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். கொச்சை என்று சொல்லி அந்த உகரத்தை யாரும் விரட்டவில்லை. தனிப் பெயரும் தனி விதியும் கொடுத்து வைத்தார்கள்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1710இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் ‘டாட்லர்’ பத்திரிகையில் சொற்களை நறுக்கிப் பேசும் நாகரிகத்தைக் கடுமையாகச் சாடினார். அடுத்த ஆண்டு ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ‘கான்ட்’, ‘ஷான்ட்’, ‘வோன்ட்’ போன்றவை மொழியின் இனிமையைக் கெடுப்பதாக வருந்தினார். இருவரும் பெரிய உரைநடைக்காரர்கள். முந்நூறு வருடம் கழித்து ‘கான்ட்’டும் ‘வோன்ட்’டும் நிற்கின்றன. பின்னால் வந்த நாடகாசிரியர் பெர்னாட் ஷா சுருங்கிய வடிவங்களைத் தாராளமாக எழுதினார். மேலே போடுகிற அந்தச் சின்னக் கொம்புக்குறிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு சொல்லாகிவிடும் அபாயம் உள்ள இடங்களில் மட்டும் அதை வைத்துக்கொண்டார். ‘ஹீல்’ என்பதில் குறியை எடுத்தால் எழுத்தில் அது ‘ஹெல்’, அதாவது நரகம், ஆகிவிடும் அல்லவா?

இனி அந்த ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கும் அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் நேரே சில விஷயங்கள்.

மகளே, முதலில் ‘வொன்ட்’, ‘வோன்ட்’ இரண்டையும் பிரித்துக்கொள். முதலாவது ‘வேண்டும்’. இரண்டாவது ‘மாட்டேன்’. ‘ஐ வொன்ட் டு கோ’ என்றால் போக வேண்டும். ‘ஐ வோன்ட் கோ’ என்றால் போக மாட்டேன். நேர்முகப் பரீட்சையில் இது தடம் மாறினால் வேலையே தடம் மாறும். நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் ஒகரத்துக்குக் குறில் நெடில் இரண்டும் இருக்கின்றன. வேண்டும் என்பதற்குக் குறில், மாட்டேன் என்பதற்கு நெடில் என்று வைத்துக்கொண்டால் போதும். ‘வில் நொட்’ எப்படி ‘வோன்ட்’ ஆனது என்று நீ கேட்கலாம். பழைய ஆங்கிலப் பேச்சில் ‘வில்’லுக்கு ‘வோல்’ என்றொரு வடிவமும் இருந்தது. அந்த வடிவம் மறைந்துவிட்டது, அதற்குப் பிறந்த ‘வோன்ட்’ மட்டும் தங்கிவிட்டது.

அடுத்தது ‘கேன்’, ‘கான்ட்’. பலருக்குக் காது தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் கடைசி டகரம் வேகத்தில் விழுங்கப்பட்டுவிடும். டகரத்தைத் தேடாதே, எடையைக் கேள். முடியும் என்று சொல்லும்போது அந்தச் சொல் லேசாக, ‘ஐ கன் கம்’ என்று, அடுத்த சொல்லோடு ஓடிவிடும். முடியாது என்று சொல்லும்போது அது அழுத்தமாக, நீண்டு நிற்கும். கனமாகக் கேட்டால் மறுப்பு.

‘ஷீஸ்’ என்பது ஒன்று, பொருள் இரண்டு. அடுத்து வரும் சொல்லைக் கேட்டால் தெரிந்துவிடும். ‘ஷீஸ் ஈட்டிங்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், உள்ளே இருப்பது ‘இஸ்’. ‘ஷீஸ் ஈட்டன்’ என்றால் சாப்பிட்டுவிட்டாள், உள்ளே இருப்பது ‘ஹாஸ்’. ‘ஐட்’ என்பதும் அப்படியே: ‘ஐட் கோ’ என்றால் ‘வுட்’, ‘ஐட் கோன்’ என்றால் ‘ஹாட்’. தனியாக மனப்பாடம் செய்தால் இவை நிற்காது; வாக்கியமாகக் கேட்டால் தானாக நிற்கும்.

சுருக்கக் கூடாத இடமும் உண்டு. ‘ஆர் யூ ஃப்ரம் கண்டி?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ ஆம்’ என்று முழுசாகத்தான் முடிக்க வேண்டும். ‘யெஸ், ஐம்’ என்று ஆங்கிலத்தில் யாரும் நிறுத்துவதில்லை. வாக்கியத்தின் கடைசியில் நிற்கிற ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வில்’ தன் காலில் நின்றாக வேண்டும். மறுப்புக்கு மட்டும் விலக்கு. ‘நோ, ஐ டோன்ட்’ என்று தாராளமாக முடிக்கலாம். பெரிய விதிதான், ஆனால் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் சொல்லாமல் கடந்துபோகின்றன.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘குட் ஹாவ்’ என்பது பேச்சில் ‘குடவ்’ என்று ஒலிக்கும். அதைக் கேட்டு ‘குட் ஒஃப்’ என்று எழுதுகிறவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளம். காதால் மட்டுமே கற்றவர் எழுத்தில் வழுக்கும் இடம் அது. எழுத்தால் கற்ற உனக்கு அந்தத் தப்பு வரவே வராது. உன்னிடம் இருப்பதும் ஒரு பலம் என்று தெரிந்துகொள்.

சொல் தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீட்டிப் பேசும் பழக்கமும் கனத்த சொல்லைத் தேடும் பழக்கமும் ஒரே வீட்டில்தான் வளர்கின்றன. ‘பை’ இருக்க ‘பர்ச்சேஸ்’, ‘ஹெல்ப்’ இருக்க ‘அசிஸ்ட்’, ‘டெல்’ இருக்க ‘இன்ஃபோம்’. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் உட்கார்ந்தன. பழைய சொற்கள் அடுப்படியிலும் வயலிலும் தங்கின. அந்த மேடு பள்ளம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்பிட்டுப் போங்க’ என்போமே தவிர, ‘போஜனம் அருந்திச் செல்லுங்கள்’ என்போமா? அன்றாட ஆங்கிலத்தில் ‘பர்ச்சேஸ்’ அப்படித்தான் கேட்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ், முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ நாவலைத் ‘தீண்டாதான்’ என்று தமிழில் தந்தவர். 1935இல் வெளிவந்த அந்த நாவலின் நாயகன் பாகா தெரு கூட்டிக் கழிவு அள்ளுகிற இளைஞன். நாவலின் கையெழுத்துப் பிரதியைக் காந்தியிடம் காட்டியபோது, இந்த மக்கள் இப்படிப் பெரிய பெரிய சொற்களில் நீட்டிப் பேச மாட்டார்களே, எளிமையாக எழுதலாமே என்று அவர் கேட்டதாக ஆனந்த் பின்னாளில் எழுதினார். பிரதியைப் பெருமளவு வெட்டித் திருத்திய பிறகே நாவல் அச்சேறியது. இலண்டன் அறிவுலகத்தில் பழகிய ஒரு எழுத்தாளர் பாகாவின் வாய்க்கு ஏற்ற சொல்லைத் தேடி இறங்கி வந்தார். அதைக் கண்டி மலையிலிருந்து ஒருவர் தமிழாக்கினார். மஹய்யாவவின் பிள்ளைகள் இந்த நூலைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தங்கள் பாட்டனின் உழைப்பு உலக இலக்கியத்துக்குள் போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இலங்கைக்கென்று ஓர் ஆங்கிலம் உண்டு என்பதும் இன்று மறுக்க முடியாத விஷயம். மைக்கல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியே வெளியிட்டார். ரோல்ஸையும் பெட்டிஸையும் ‘ஷோர்ட் ஈட்ஸ்’ என்று நாம் சொல்வது இந்த மண்ணின் ஆங்கிலம். அதைப் பேச நம் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை.

காதைப் பழக்க வழி என்ன என்று பெற்றோர் கேட்பீர்கள். காசு செலவில்லாத வழி கிரிக்கெட். முத்தையா முரளிதரன் மஹய்யாவவிலிருந்து நேரே போனால் வருகிற கட்டுகஸ்தோட்டையில், புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவர். அவருடைய ஆங்கிலப் பேட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். வேகமான பேச்சு, சின்னச் சின்னச் சொற்கள், யாரைப் போலவும் ஆக முயலாத குரல். எந்த நாட்டு நிருபருக்கும் அவர் சொல்வது விளங்குகிறது. ஐந்து நிமிடப் பேட்டி ஒன்றை எடுத்து, பிள்ளையை ஒரு தரம் சும்மா கேட்க விடுங்கள். இரண்டாம் தரம் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சுருங்கி வருகிற வினைகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முழு வடிவத்தை எழுதட்டும். மூன்றாம் தரம் கூடவே சொல்லிப் பார்க்கட்டும். கூட உட்காருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குக் கூச்சம் குறையும். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், வீட்டில் வேறு யாரையும் சிரிக்க விடாதீர்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் ‘டோன்ட்’டை வெட்டும்போது ஓரத்தில் ‘பேசும்போது இது சரி’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிற களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியிலோ பஸ்ஸிலோ கேட்டு விளங்காமல் போன ஆங்கில வாக்கியங்களை, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புங்கள். எழுத்துக்கூட்டு சரியா என்று பார்க்க வேண்டாம். யார் சொன்னது, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும். தபாலட்டை போதும்.

அன்புடன்,
ஆசிரியர்